பெடல் பிடித்த கேட்டுக்காரர்

தான் வெல்டிங் வைத்த கேட்டைத் தானே நம்பாத மனிதர் கேட்டுக்காரர். மாட்டி முடித்ததும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். கல்யாணத்தன்றே, பெண்ணை ஏன் இவ்வளவு அவசரமாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று மாமனாரைக் குறுகுறுவென்று பார்த்தவர். "காரணத்த இன்னும் தேடிட்டுதான் இருக்கார்," என்பாள் மனைவி.

பகலெல்லாம் ஜன்னல் கம்பியும் கேட்டும். பட்டறை ஷட்டரை இறக்கியதும் உள்ளே மெட்டல் பாட்டு. கேட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்துவார். இரண்டு பேர் கிடார். மனைவியின் தம்பி டிரம்ஸ். ரேடியோ பக்கம் தலைவைத்தும் படுக்காத பாட்டு அது. விரும்பிக் கேட்கிறவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். மைத்துனன் போய்விட்டால் பேண்டு அதோடு படுத்துவிடும். அவனை எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம் கேட்டுக்காரரின் வயிற்றில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

அப்போது பார்த்துத்தான் அச்சகக்காரர் வந்தார். அச்சகத்துக்குக் கீழே ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். மெட்டல், ராப், கம்ப்யூட்டரில் தாளம் பின்னுகிறவர்கள் என்று ஊரில் மூலைக்கொன்றாக ஒளிந்து பாடும் மூன்று கூட்டத்தையும் ஞாயிறு மத்தியானம் அங்கே ஒரே மேடையில் ஏற்றப்போகிறாராம்.

"டிரம் செட் ஒண்ணுதான். கால்ல மிதிச்சு அடிக்கிற பெடல மட்டும் அவங்கவங்களே கொண்டு வந்துடணும்."

"அவங்கவங்கன்னா? எங்களத் தவிர அங்க யாரு டிரம்ஸ் அடிக்கிறா?"

அச்சகக்காரர் ஒரு கணம் விழித்தார். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்றார். கேட்டுக்காரருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

அதன்பிறகு மைத்துனன் வீட்டுக்குத் தாமதமாக வரத் தொடங்கினான். கேட்டால் பல்வலி, டாக்டரிடம் போனேன் என்றான். பல்வலிக்காரன் வறுகடலையைக் கடகடவென்று மெல்லுவானா? அதோடு சட்டையெல்லாம் நீலச் சாக்குக்கட்டித் தூள். அந்த ராப் கூட்டத்தில் பாடும் பெண்ணுக்குத் தொழில் தையல். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி அது.

"ஏதோ காதல் போலிருக்கு. விடுங்களேன்," என்றாள் மனைவி.

"காதலா இருந்தா நானே முன்னாடி நின்னு கட்டி வைப்பேன். இவன் அங்க டிரம்ஸ் அடிக்கிறான்டி!"

ஞாயிறு வந்தது. கீழறையில் மை வாடை. சத்தத்தை அடக்கச் சுவரோரம் காகிதக் கட்டுகள். தரையெங்கும் வெட்டிப்போட்ட காகிதத் துணுக்குகள். மூன்று கூட்டமும் மூன்று மூலையில் சம்பந்திச் சண்டை போட்டதுபோல் முறைத்துக்கொண்டு நின்றன. முதலில் ராப், பிறகு மெட்டல், கடைசியில் கம்ப்யூட்டர். மெட்டலுக்கு நேரம் இருக்கும்போதே மைத்துனன் தன் பெடலை எடுத்துப் பெரிய டிரம்மில் மாட்டினான். தையல்காரி அவன் காதில் ஏதோ சொன்னாள். சிரித்துக்கொண்டே இருவரும் தண்ணீர் குடிக்கப் படியேறினார்கள்.

கேட்டுக்காரருக்கு நெஞ்சு எரிந்தது. அந்தப் பெடல் அவர் கையால் செய்தது. ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் மேடையில் குனிந்தார். பெடலை டிரம் விளிம்போடு இறுக்கும் திருகைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நம் முறை வரும்போது மாட்டிக்கொள்ளலாம்.

ராப் தொடங்கியது. கடைசிப் பாட்டுக்கு மைத்துனன் போய் டிரம்ஸில் உட்கார்ந்தான். முதல் அடியிலேயே பெடல் வழுக்கிக்கொண்டு போனது. இழுத்து வைத்து மறுபடி மிதித்தான், மறுபடி போனது. கூட்டத்தில் சிரிப்பு. குனிந்து பார்த்தவன் நிமிர்ந்ததும் வேறு யாரையும் தேடவில்லை, நேராகக் கேட்டுக்காரரைப் பார்த்தான். கோபம்கூட இல்லை. இவர் இப்படித்தான் என்று தெரிந்தவனின் பார்வை. கேட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரும் கொத்திக்கொண்டு போக வேண்டியதில்லை, நாமே விரட்டிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பைக்குள் கையை விட்டார். விரல் மறுபக்கம் வெளியே வந்தது. வெல்டிங் பொறி பட்டுப் பட்டுப் பை முழுக்க ஓட்டை. திருகு அந்தக் காகிதக் குப்பையில் எங்கே கிடக்கிறதோ!

மேடையேறிக் குப்புறப் படுத்தார். பெடலை இரண்டு கையாலும் விளிம்போடு சேர்த்து அழுத்தினார்.

"வேணாம் மாமா, எழுந்திருங்க."

"நீ அடிடா."

அடித்தான். இடைவெளி விட்டு, நிதானமாக, சில இடங்களில் சும்மா இருந்துகொண்டு. தன் பேண்டில் ஒரு மூச்சு இடைவெளிகூட அவனுக்குக் கொடுத்ததில்லையே என்று கேட்டுக்காரர் நினைத்தார். பொறாமையாக இருந்தது. அழகாகவும் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

அடுத்து மெட்டல். பெடலையும் பிடித்துக்கொண்டு கத்த முடியாது. தையல்காரி தானாகவே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க போய்ப் பாடுங்கண்ணே. நான் பிடிச்சுக்கறேன்."

கேட்டுக்காரர் அவள் கையைக் குனிந்து பார்த்தார். "பாதியில விட்டுட மாட்டியே?"

"திருக நானா கழட்டினேன்?"

கேட்டுக்காரர் போய் மைக்கைப் பிடித்தார். அவள் கடைசிவரை விடவில்லை.

முடிந்ததும், "புதன்கிழமை எனக்கு அவங்க தையக்கடைல ப்ராக்டிஸ் மாமா," என்றான் மைத்துனன். போகட்டுமா என்று அனுமதி கேட்கவில்லை.

புதன்கிழமை காலை கேட்டுக்காரர் தையற்கடைக்குப் போனார். புதிதாகச் செய்த பெடல் ஒன்றைப் பின்னறை டிரம்மில் மாட்டித் திருகை முறுக்கினார். இழுத்துப் பார்த்தார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்தார்.

தையல்காரி சிரித்தாள். "உங்க மச்சான நாங்க தூக்கிட்டுப் போயிட மாட்டோம்ணே."

"போனாலும் போறான்," என்றார் கேட்டுக்காரர். "அடிக்கறப்ப கழண்டுடக் கூடாது."