பிரமாணத்துக்கு ஓர் ஆள்

கன்னையா தம்பியின் கடையில் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று காலை ஊர்ப் பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு வந்து, பழுதான சைக்கிள்களுக்கு நடுவே கிடந்த பலகையில் தாமே அமர்ந்தார். தம்பி முனிரத்தினம் டியூபைத் தொட்டி நீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

“இன்னா ரத்தினம், அண்ணன் வந்து குந்திக்கினு கீறேன், வான்னு ஒரு வார்த்தை இல்லையா?”

“வா. சைக்கிள் இல்லாம வந்துகீறியே, எதை ரிப்பேர் பண்றது?”

“ஊரை ரிப்பேர் பண்ணணும்டா” என்றார் கன்னையா.

புத்தூருக்கும் நகரிக்கும் இடைப்பட்ட சின்னப்பூண்டியில் முனிரத்தினத்தின் வீட்டுக்குச் ‘சாமியில்லாத வீடு’ என்று பெயர். யாருடைய மேடைப் பேச்சையும் கேட்டு அவர் அப்படி ஆனவர் அல்லர். “இருந்தா இருக்கட்டும், எனக்குத் தெரியலே. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்றது?” என்பதே அவர் கட்சி. மனைவி செங்கம்மா விளக்கேற்றிக் கும்பிடுவதை அவர் தடுத்ததில்லை. மூத்த மகளுக்கு அலர்மேல்மங்கை என்று பெயரிட்டவளும் அவளே. ஊராருக்கு அது ஓயாத கேலி: “சாமி இல்லேன்னுக்கினு திருப்பதித் தாயார் பேரை வச்சுப் பொண்ணைக் கூப்புடறான் பாரு!”

ஆண்டுதோறும் செங்கம்மா திருப்பதிக்குச் செல்லும்போது அவரும் மகள்கள் இருவருடன் செல்வார். அவள் மலையேறுவாள். இவர்கள் மூவரும் அடிவாரத்தில் குடத்துடன் நின்று, ஏறுபவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். “குடிக்கிறவங்க மூஞ்சியைப் பாருங்க. அவங்க தாகம் உங்க தொண்டையில தெரியுதா பாருங்க” என்பார் பெண்களிடம். வேறு மந்திரம் எதையும் அவர் கற்றுக்கொடுக்கவில்லை. பொய் சொல்லாதே, கொடுத்த வார்த்தையை மீறாதே என்ற இரண்டை மட்டும் சொல்லிச் சொல்லி வளர்த்தார்.

கன்னையாவுக்கு அது போதவில்லை. “சாமி பயம் இல்லாத வீட்டுல ஒழுக்கம் எப்படி வரும்?” என்று ஊர் முழுதும் பேசினார். தம்பி வீட்டில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினார். அப்படிப்பட்டவர் இன்று வந்ததற்குக் காரணம் ஒரு கல்.

ஆந்திரம் தனி மாநிலமான பிறகு, எந்த ஊர் சென்னைப் பக்கம், எந்த ஊர் ஆந்திரப் பக்கம் என்பதே எங்கும் பேச்சு. சின்னப்பூண்டியார் தமிழர், அடுத்த ஊரான கோனேபள்ளியார் தெலுங்கர். இரண்டுக்கும் நடுவே இருந்த புளியந்தோப்பு கோனேபள்ளியாருடையது. நாளை தங்கள் ஊரை ஒட்டி மாநில எல்லை விழுந்தால் தோப்பு தங்கள் பக்கம் வரவேண்டும் என்று சின்னப்பூண்டிப் பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு நாள் பார்த்தால், தோப்புக்கு இப்பால் நின்ற ஊரெல்லைக் கல் தோப்புக்கு அப்பால் நின்றது. பழைய குழி இருந்த நிலம் உழப்பட்டுக் காராமணி முளைத்திருந்தது.

கோனேபள்ளியின் பெரியவர் நாராயணசாமி நாயுடு வழக்காடவில்லை. “காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால உங்க ஊர் ஆள் ஒருத்தன் குளத்துல முழுகி, கல்லு நகரலேன்னு பிரமாணம் செய்யட்டும். தோப்பை வுட்டுடறோம்” என்றார். அங்கே பொய்ப் பிரமாணம் செய்தவன் கண் போகும், குடும்பம் விளங்காது என்பது அந்த வட்டாரத்தின் அசையாத நம்பிக்கை. சின்னப்பூண்டியில் ஒருவரும் முன்வரவில்லை.

“அதான் உங்கிட்ட வந்தோம்” என்றார் கன்னையா. “நாங்க செஞ்சா கண்ணு பூடும். உனக்குத்தான் சாமியே கிடையாதே! முழுகி எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வா. மிஞ்சிப்போனா ஜலதோசம் புடிக்கும்.”

பெரியவர்கள் சிரித்தார்கள். முனிரத்தினம் டியூபைத் தரையில் வீசினார்.

“அப்போ கல்லு நவுந்துது.”

“அதை யாரு பேசினா?”

“நவுரலேன்னா நீயே போய் முழுகேன்! என் வூட்டுத் தண்ணி பாவம்னே. என் பொண்ணுங்களுக்கு ஒழுக்கம் ஏதுன்னே. இப்போ பொய் சொல்ல ஆள் வேணும்னதும் நேரா என் கடைக்கு வர்றியா? கண்ணு பூடும்னுதான் நீங்கல்லாம் பொய் சொல்லாம கீறீங்களா, அண்ணே? அந்தப் பயம் மட்டும் இல்லேன்னா இன்னா இன்னா செய்வீங்க?”

“குரலை ஏத்தாதே.”

“எழுந்திரு. அந்தப் பலகை என்னுது.”

வீட்டுக்கு வந்தும் அவர் கொதிப்பு அடங்கவில்லை. செங்கம்மா மட்டும், “ஊரோட ஒத்துப் போனா இன்னா? நாளைக்கு அலமேலுவுக்கு ஓர் இடம் பாக்க வேணாமா?” என்றாள். அவர் பதிலுக்கு வாய் திறக்கும் முன்பே அலர்மேல்மங்கை பேசினாள்.

“நைனா, பழைய குழி எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். பெரியம்மா குடுத்த மோரைப் பெரியப்பாவுக்கு எடுத்துக்கினு போனேன். அப்போதான் மாடு கட்டிக் கல்லை இழுத்தாங்க.”

“இத்தினி நாளா ஏன் சொல்லலே?” முனிரத்தினத்தின் கை ஓங்கியேவிட்டது.

“என் தலையில கை வச்சு, யார்கிட்டயும் இடத்தைக் காட்டமாட்டேன்னு பெரியப்பா வார்த்தை வாங்கிக்கினாரு. சாமிக்குப் பயந்து இல்லே. குடுத்த வார்த்தையை மீறக்கூடாதுன்னு நீதானே சொன்னே?”

ஓங்கிய கை இறங்கியது. அண்ணன் மீதிருந்த சினம் முழுவதும் இப்போது தம் மீதும் திரும்பியது. ‘காட்டு’ என்று கட்டளையிட்டால் அவள் காட்டுவாள். ஆனால் அது அவருக்குப் பயந்து காட்டியதாகும். கண்ணைப் பறிக்கும் சாமியின் இடத்தில் தாம் போய் உட்கார்ந்ததாகும். பதின்மூன்று வயதுப் பெண்ணின் தலையில் இப்படியொரு சுமையை ஏற்றிவிட்டார்களே என்று பற்களைக் கடித்தார். “நீ காட்டுன்னும் சொல்லமாட்டேன், காட்டாதேன்னும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோனேபள்ளிக்கு நடந்தார்.

நாயுடுவிடம், கல் நகர்த்தப்பட்டது என்பதை மட்டும் சொன்னார். நாயுடு உதட்டைப் பிதுக்கினார். “காணிப்பாக்கத்துல வந்து சொல்லு ரத்தினம்.”

“வரமாட்டேன். வாயால சொல்றது போதாதா?”

“சாமி லேதுன்ற ஆளு நீ. பிரமாணம் இல்லாத உன் வார்த்தையை எப்படி நம்பறது?”

பொய்க்கு அவரை நம்பினார்கள், மெய்க்கு நம்பவில்லை. முனிரத்தினம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் நேரே காராமணி நிலத்தில் இறங்கினார். கண்ட இடத்தில் குத்தினார். இரண்டு ஊரும் வரப்பில் கூடிவிட்டன.

“புதையல் எடுக்கிறியா ரத்தினம்?” என்று ஒருவன் கத்தினான்.

“ஆமாம், உங்க மானம் இங்கதான் எங்கியோ புதைஞ்சுக்கினு கீது!”

குத்திய இடமெல்லாம் இறுகிய மண். கைகள் கொப்பளித்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அலர்மேல்மங்கை நிலத்தில் இறங்குவதை முதலில் பார்த்தவர் கன்னையாதான்.

“ஏய் அலமேலு! தலை மேல சத்தியம் பண்ணிக்கீறே!”

அவள் நின்று, திரும்பினாள்.

“பண்ணேன் பெரியப்பா. இப்போ மீறுறேன். மீறினது தப்புதான், அதை நானே சுமந்துக்கிறேன். உங்க பொய்யைச் சேத்துச் சுமக்க என்னால ஆவாது.” பிறகு தந்தை நின்ற இடத்திலிருந்து வெகுதூரம் நடந்து, செடிகளுக்கு நடுவே நின்றாள். “இங்க, நைனா.”

அங்கே மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. அடியில், கல்லைச் சுற்றி முன்பு இறுக்கியிருந்த சல்லிக் கற்கள் வட்டமாகக் கிடந்தன. நாயுடு இறங்கி வந்து ஒரு சல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தார். காணிப்பாக்கத்தைப் பற்றி அவர் அதன்பின் பேசவில்லை. மாலைக்குள் கல் பழைய இடத்துக்கு வந்தது.

சின்னப்பூண்டி அந்த வீட்டை ஒதுக்கியது. கடைக்கு ஒரு சைக்கிளும் வரவில்லை. முனிரத்தினம் குடும்பத்தோடு திருப்பதிக்குப் பெயர்ந்து, ரயிலடிக்கு அருகே கடை வைத்தார். அலர்மேல்மங்கை பின்னர் சித்தூரில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். சில ஆண்டுகள் கழித்து மாநில எல்லையும் முடிவாயிற்று. அது சின்னப்பூண்டியின் பக்கமே வரவில்லை. இரண்டு ஊரும் ஆந்திரத்திலேயே நின்றன.

அந்த ஆண்டு கன்னையா மலையிலிருந்து இறங்கி, மொட்டைத் தலையில் சந்தனத்துடன் தம்பியின் கடைக்கு வந்தார். கையில் லட்டு இருந்தது.

“கோடு எங்கியோ போய்ட்டுது. அந்தக் கல்லு எங்க இருந்தா இன்னா? போனதை மறந்துடு, ரத்தினம்.”

முனிரத்தினம் லட்டை வாங்கி, சாப்பாடு கொண்டுவந்திருந்த செங்கம்மாவிடம் கொடுத்தார். அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்து நின்றார்.

“கல்லை அன்னிக்கே மறந்துட்டேன்” என்றார் பிறகு. “ஒரு கொழந்தை தலையில கை வச்சு, அதோட நேர்மையையே கயிறாத் திரிச்சு அதைக் கட்டிப்போட்டியே, அதை மறக்கமாட்டேன். அவகிட்ட போய் நீயே சொல்லு. சித்தூர் பஸ்ஸு அதோ நிக்குது.”

கன்னையா செம்பைக் கீழே வைத்தார். பஸ்ஸைப் பார்த்தார். ரயிலடிப் பக்கமாக நடந்துவிட்டார்.