பேர் வெட்டாத தோசைக்கல்

எழுபத்தேழாம் வருஷப் புயலுக்குப் பிறகு, சேற்றில் தோண்டி எடுத்த பாத்திரங்களைப் பள்ளிக்கூடத்தில் குவித்து, வெட்டியிருந்த பேரைப் படித்துக் கூப்பிட்டார்கள். மாரிக்கண்ணு என்கிற பேரைச் செல்லம் முதன்முதலில் கேட்டது அப்போதுதான்.

வந்தவள் பித்தளைக் குடத்தைத் தொடவேயில்லை. "குடம் கிடக்கட்டும். என் தோசைக்கல் எங்கங்க? புருஷன் போனப்புறம் மூணு பிள்ளைக்கும் அதுதான் சோறு போடுது."

வந்திருந்தது ஒரே ஒரு தோசைக்கல். உளி வைத்தால் விண்டுவிடும் என்று வார்ப்பிரும்பில் யாரும் பேர் வெட்டுவதில்லை. அதைத் தன்னுடையது என்று செல்லம் ஏற்கெனவே மடியில் வைத்திருந்தாள்.

"என் கல்லு ஒரு ஓரம் மெலிசுக்கா," என்றாள் மாரிக்கண்ணு. " எப்படித் திருப்பி வச்சாலும் தண்ணி அங்கதான் முதல்ல சுண்டும். அடுப்புல வச்சுப் பாத்துடுவோம்."

கஞ்சி காய்ச்சிய அடுப்பில் வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். எல்லா இடத்திலும் ஒன்றாகச் சுண்டியது. மாரிக்கண்ணு கல்லைத் திருப்பி வைத்துத் தெளித்தாள். மூன்றாம் தரமும் தெளித்தாள்.

செல்லத்துக்கு மனசு தாங்கவில்லை. "உன்னுதுன்னே வச்சுக்கடி, எடுத்துட்டுப் போ."

"இது என்னுது இல்லக்கா. உங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு."

மாரிக்கண்ணு ஒரு வாரம் சேற்றைக் கையால் கிளறினாள். கல் கிடைக்கவில்லை. அதன் பிறகு திருநள்ளாற்றில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.