பாரத்துக்கு வந்தவர்

பேக்கரிக்காரரை ஊரே மூட்டை என்றுதான் கூப்பிடும். அப்பா வழியில் எல்லாரும் ஒடிசல். பெரியப்பா ஒருத்தருக்கு மட்டும் கதவில் ஒருக்களித்து நுழைகிற உடம்பு. அது நேராக இவருக்கு வந்து சேர்ந்தது. விடியுமுன் மாவு பிசைந்து, அடுப்பு வாயில் நின்று வெந்து, புருவத்தில் மாவோடு கடைக்குள் வந்தால் அங்கே சம்சாரம் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பாள். யாரைக் கண்டும் பொறாமைப்படாத மனுஷன். எதிர்க்கடைக்காரன் புது அடுப்பு வாங்கினபோது தானே போய்ப் பற்றவைத்துக் கொடுத்தவர்.

ஒரே ஒரு ஆளை நினைத்தால்தான் வயிறு எரியும். அவர் சம்சாரத்தின் அத்தை மகன். துறைமுகத்தில் படகு பழுது பார்க்கிறவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். சின்ன வயதில் அவளை அவருக்குக் கட்டுவதாகத்தான் பேச்சு. பெரியவர்கள் மனஸ்தாபத்தில் அது தட்டிப்போயிற்று. அவரை அவள் வாய் நிறைய 'அத்தான்' என்பாள். தாலி கட்டினவருக்கு வெறும் 'என்னங்க'. அத்தானையே கட்டியிருக்கலாமோ என்று அவள் மனசின் மூலையில் இருக்குமோ, இதுதான் மூட்டையின் தீராத அரிப்பு. கேட்கவும் வாய் வராது.

ஒரு சனிக்கிழமை அத்தான் தன் பாய்மரப் படகில் வெளித்தீவுகளுக்குக் கூப்பிட்டார். ஆளே இல்லாத தீவுகள், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடலாம் என்றார். இரண்டு பேரையும் தனியே விட மனசில்லாமல் மூட்டையும் ரொட்டிக் கூடையோடு ஏறிவிட்டார்.

பின்பக்கம் அத்தான் சுக்கான் பிடித்தார். பக்கத்திலேயே அவள், பாயின் கயிறு கையில். மூட்டை போய் அவளை ஒட்டி உட்கார்ந்தார்.

"என்னங்க, நீங்க இங்க வந்தா பின்னாடி அமுங்குது. நடுவுல போங்க."

"தம்பி, காத்து எந்தப் பக்கத்துலேருந்து அடிக்குதோ அந்த ஓரமா உக்காருங்க. உங்க பாரம்தான் படகு சாயாம பிடிக்கணும்" என்றார் அத்தான்.

பாரமாம்! முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நடுவில் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அன்றைக்குக் காற்றுக்கும் பித்துப் பிடித்திருந்தது. கிழக்கே அடித்தது, நின்றது, தெற்கே திரும்பியது. ஒவ்வொரு தடவையும் பாய் படபடவென்று மறுபக்கம் வீசும். மூட்டை அதற்கடியில் தவழ்ந்து எதிர் ஓரத்துக்குப் போக வேண்டும். பின்னால் அவர்கள் இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. அவர் சுக்கானை அசைக்குமுன் இவள் கயிற்றைத் தளர்த்தினாள். அதுதான் மூட்டையைக் கொன்றது. கடையில் சர்க்கரை டப்பாவைக் கேட்டால் உப்பை எடுத்து நீட்டுகிறவளா இவள்?

அந்த நேரம் பார்த்து இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். காற்று மறுபடி திரும்பிற்று.

"தம்பி, இந்தப் பக்கம்!"

மூட்டை காது கேட்காதவர் மாதிரி அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. ரொட்டிக் கூடை மிதந்தது.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மனுஷன் எப்படி மறுபக்கம் போனார் என்று அவருக்கே தெரியாது. படகு நிமிர்ந்தது.

சாயங்காலம் கடைசித் தீவில் கரை சேர்ந்தார்கள். வெள்ளை மணலும் பறவைகளும்தான். நனைந்த ரொட்டியைப் பாறைமேல் காயப்போட்டுக்கொண்டே மூட்டை கேட்டார்:

"அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் இங்க அடிக்கடி வருவீங்களோ?"

அத்தான் சிரித்தார். "எங்க வந்தோம்! எத்தனை தடவை கெளம்பியிருப்போம் தெரியுமா? காத்து மாறினா ரெண்டு நோஞ்சானுக்கும் பாரம் பத்தாது. முதல் தீவுலயே பயந்து திரும்பிடுவோம்."

"நானே இன்னைக்குத்தாங்க இதைப் பாக்கறேன்" என்றாள் அவள்.

மூட்டைக்கு உள்ளே அடுப்பை அணைத்த மாதிரி இருந்தது. அது பொறுக்குமா அத்தானுக்கு?

"அடுத்த தடவை ரெண்டு மணல் மூட்டை போட்டுக்குவோம். தம்பியை எதுக்குச் சிரமப்படுத்தணும்?"

"மணல் மூட்டை கூப்பிட்டா பக்கம் மாறுமா அத்தான்?"

"உன் வீட்டுக்காரர் மட்டும் மாறினாராக்கும்?"

"அவருக்குக் கோவம், அதான் மாறல. மணலுக்கு என்மேல ஏது கோவம்?" என்று சொல்லிவிட்டு, ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மூட்டை தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் திரும்பும்போது அவரை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பாய் துடிக்குமுன்பே மறுபக்கம் போய் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் பொறாமை விட்டதா என்றால், இடம் மாறிற்று, அவ்வளவுதான். அன்றிலிருந்து வீதியில் வீடு கட்டுகிற இடத்தில் மணல் மூட்டை கிடந்தால் முறைத்துக்கொண்டே போவார். கடையில் மிஞ்சிய பன்னைக் காக்கைக்குப் போடுவதையும் நிறுத்திவிட்டார். தானே உட்கார்ந்து தின்றார். எடை குறைந்துவிடக் கூடாதல்லவா?