குழாய்க்குத் தோண்டிய குழி

தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்குத் தாமிரபரணித் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து, வழியிலிருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்தைத் தாண்டி, இரும்புக் குழாய்க்குள் வந்து சேரும். வந்து சேரும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். யுத்த காலத்தில் துறைமுகத்துக்கும் பட்டாளத்துக்கும் போக மிச்சம்தான் எங்களுக்கு. அதிலும் எங்களுடையது கடைசித் தெரு. குழாயைத் திறந்தால் முதலில் காற்று சீறும், பிறகு நூல் போல ஒழுகும், அப்புறம் அதுவும் இல்லை.

குழாயைத் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் கூடுதலாக விழும் என்று முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர். வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கினார். அன்றிலிருந்து எங்கள் குழாயில் காற்றுகூட வரவில்லை. என் அண்ணன் சும்மா இருப்பானா? கடப்பாரையை எடுத்தான்.

"ஏலே, தெருவைக் கிணறாக்கப் போறியா?" என்று கேட்டார் அவர்.

"நீங்க ஒரு சாண் தோண்டுனா நான் ஒரு முழம் தோண்டுவேன், மாமா."

இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தோண்டினார்கள். குடத்தோடு குழிக்குள் இறங்கி ஏறியது நான். வீறாப்பு அவர்களுக்கு, இடுப்பு ஒடிந்தது எனக்கு. கடற்கரை மண்ணில் இடுப்பளவு தோண்டினால் என்ன ஊறும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் குழியில் உப்புத் தண்ணீர் ஊறி, குழாயின் வாய் அதில் முங்கிக் கிடந்தது. அதை இறைத்துவிட்டுத்தான் குடம் வைக்க வேண்டும். தண்ணீர் வரும் நேரம் தவறிவிடக் கூடாதென்று குழாயை யாரும் மூடுவதில்லை. ஆற்றுத் தண்ணீர் நின்றதும் காலியான குழாய் குழியில் கிடப்பதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் அதுதான் முதலில் வெளியே வரும். முதல் குடத்தைக் கொட்டிவிடலாம் என்றால், சில நாள் அந்தக் குடத்தோடு தண்ணீர் நின்றுவிடும்.

அப்படி ஒரு நாளில்தான் ஆத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். வீட்டுக்குப் பின்னால் அதே தாமிரபரணி ஆறு. மாப்பிள்ளையைவிட எனக்கு அந்த ஆற்றின் மேல்தான் ஆசை; சொல்வதற்கு என்ன வெட்கம்? அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, அந்த ஒரே குடத்துத் தண்ணீரில் கருப்பட்டிக் காப்பி போட்டாள். வந்தவர்களுக்கு முன்னால் நாம் வாய் வைக்கக் கூடாதே என்று யாரும் ருசி பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காப்பியில உப்பா போட்டிருக்கிய?"

"இல்ல, எங்க தண்ணி அப்படி," என்றாள் என் அம்மா.

"அப்போ மறுவீட்டுக்கு வந்தா எம்பிள்ளை எதைக் குடிப்பான்?"

அதோடு எழுந்துவிட்டார்கள். அண்ணன் என்ன செய்தான்? வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைத்தான் குழியில் தள்ளியிருக்க வேண்டும்.

மறு வருஷம் பக்கத்து வீட்டுக்கே, கடைக்காரரின் மூத்த மகனுக்கே, என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். சம்பந்தம் ஆகிவிட்டால் இரண்டு குழியையும் மூடிவிடுவார்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டினேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாமியார் என் கையில் குடத்தைக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக் குழியைவிட இந்தக் குழி ஒரு படி ஆழம். நான் இறங்கிக்கொண்டிருக்கும்போது மேலே நின்று மாமனார் சொன்னார்:

"ஏளா, தண்ணி பிடிச்சு முடிச்சதும், உங்க அண்ணன் எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வா."