கையெழுத்துக்கு மேலே காலி இடம்

கடிதம் முடிந்த இடத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வரிவரியாக எக்ஸ். டைப்பிஸ்ட் அக்கா ஆங்கிலத்தில் அடித்த விலைக் கொட்டேஷன் ஒவ்வொன்றும் பாதித் தாளுக்கு முள்வேலி போட்ட மாதிரி இருக்கும். கள்ளக்குறிச்சியில் பம்புசெட் மோட்டார் விற்கும் கடை, நான் மேனேஜர். நாலு புத்தகம் படித்தவன் என்பதால் எனக்கு அழகுணர்ச்சி கொஞ்சம் ஜாஸ்தி. "இது கடிதமா, கருவேலங்காடா அக்கா?" என்பேன். "காலியா வுட்டா எவனாவது வூடு கட்டிக்குவான் சார்" என்பார், தலை நிமிராமல்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம். "நாளைக்கு கச்சிராயபாளையத்துலேர்ந்து பஸ் வராதாம் சார், ஒருநாள் சம்பளம் போச்சு" என்றார் அக்கா. நான் வள்ளலானேன். மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்தை நானே போட்டேன். கடைசிச் சுழிகூடப் பிசகவில்லை. முதலாளி விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அன்று சைக்கிளில் வந்த ஒருவருக்குக் கொட்டேஷனையும் நானே அடித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எக்ஸ் இல்லாமல். மிக அழகாக இருந்தது.

சில மாதம் கழித்து அந்தச் சைக்கிள்காரர் எரிந்துபோன மோட்டாரோடு வந்தார். அவர் நீட்டிய கொட்டேஷனில் என் கையெழுத்துக்கு மேலே, வேறொரு மெஷினின் எழுத்தில், ஒரு வரி குடியேறியிருந்தது: ஓராண்டுக்குள் பழுதானால் புது மோட்டார் தரப்படும்.

"இடம் வுட்டு அடிச்சது யாரு?" என்று முதலாளி பதிவேட்டைப் புரட்டினார். அந்தத் தேதியில் அக்காவின் கையெழுத்து இருந்தது. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். அன்று வரவில்லை என்று சொன்னால் வராத நாளுக்குச் சம்பளம் வாங்கியது வெளியாகும். கையெழுத்துப் போட்ட எனக்கும் வேலை போகும்.

"நான் வந்தேன்னு இருக்குது இல்ல, அப்ப நான்தான் அடிச்சிருப்பேன்."

வாய் திறக்க எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். மெஷினுக்கு உறை போட்டுவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "கையெழுத்து நல்லா போட்டுக்கிறீங்க சார்."

இப்போது எனக்குச் சொந்தக் கடை. வாடிக்கையாளருக்குப் போகும் கோப்புகளை யாரும் திருத்த முடியாதபடி பாஸ்வேர்டு போட்டு அனுப்புகிறோம். அப்படியும் கையெழுத்துக்கு மேலே எக்ஸ் அடிக்கச் சொல்கிறேன். "அதான் பூட்டியாச்சே சார், இனிமே யாரு கை வைக்கப் போறாங்க?" என்று சிரிக்கிறாள் கடையில் வேலை செய்யும் பெண்.

கை வைத்தவன் யார் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. "அடிம்மா" என்கிறேன். திரையில் முள்வேலி நீள்கிறது.