அம்மை வீட்டில் ஊசி இல்லை

தாராவியில் எங்கள் சந்திலிருந்து விடியலில் கிளம்பும் இட்லிக்கு ராஜபாண்டி இட்லி என்று பெயர். ராஜபாண்டி அரிசி ஊறப்போட்டு நான் பார்த்ததில்லை. அவர் உளுந்தின் பதம் பார்த்து அவருடைய மனைவியும் பார்த்ததில்லை. அவர் செய்வது ஒன்றுதான். அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டி, சயானிலும் மாட்டுங்காவிலும் தெருத்தெருவாக ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு போவார். ஹாரன் அடிப்பவரின் பெயர் இட்லிக்கு வந்துவிட்டது. மாவு அவர் மனைவி சங்கரேஸ்வரியுடையது.

சங்கரேஸ்வரிக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணமாகி நேராக இந்தக் கோலிக்கு, இந்த ஒற்றை அறை வீட்டுக்கு, வந்தவள். கீழே கிரைண்டர், ஓரமாக அடுப்பு, ஏணி வைத்து ஏறினால் பரண். பரணில் மகள் முத்துமாரி படிப்பாள். ராஜபாண்டியின் தம்பி அய்யாத்துரையும் அங்கேதான் படுப்பான். அவனுக்கு முப்பது நெருங்குகிறது. வளைகுடா போகிறேன் என்று பாஸ்போர்ட் எடுத்தவன், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் நாலு வருடம் ஆப்பிரிக்காவில் அங்கும் இங்கும் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் திரும்பினேன். சந்தில் எல்லாரும் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்கள். சங்கரேஸ்வரி அக்கா மட்டும் ஒரு நாள் ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்று, கம்பாலாவில் வெயில் எப்படி என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஹோட்டல் வைத்திருக்கும் கணேசபாண்டியன் அண்ணாச்சி அக்காவிடம்தான் மாவு வாங்குகிறார். அவர் ஒரு கூட்டாளியோடு உகாண்டாவில், கம்பாலா நகரத்தில், ஹோட்டல் திறக்கப் போகிறார். தோசை வார்க்க அங்கேயே ஆள் பிடித்துவிடலாம், மாவுக்குத்தான் ஆள் வேண்டும் என்று அவரே வீடு தேடி வந்தார். அக்காவை வைத்துக்கொண்டு ராஜபாண்டியிடம் கேட்டார், வீட்டம்மாவை ஒரு வருடம் அனுப்புவீர்களா என்று. மாவு வாங்குகிறவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதுக்கென்ன அண்ணாச்சி என்றார் ராஜபாண்டி.

போகும்போது அண்ணாச்சி அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அங்க நீதாம்மா மாஸ்டர்.

"பொம்பளையையும் மாஸ்டர்னு கூப்புடுவாவளா ஷர்மி?" என்று என்னிடம் கேட்டாள். கூப்பிட வைக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். பாஸ்போர்ட் ஆபீசுக்குத் தனியாகப் போனாள். கிரைண்டர் ஓடும் சத்தத்துக்கு நடுவே என்னிடம் இங்கிலீஷில் எண் சொல்லிப் பழகினாள். மாஸ்டர் என்ற சொல்லை மட்டும் மறுபடி அவள் வாயால் சொல்லவே இல்லை.

அந்த ஊருக்குப் போக என்னவெல்லாம் வேண்டும் என்பதை நான்தான் சொன்னேன். முதலில் மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசி. ஆயுசுக்கு ஒரு தடவை போட்டால் போதும். போட்டதற்கு ஒரு மஞ்சள் கார்டு கொடுப்பார்கள். ஆனால் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தக் கார்டுக்கு உயிர். அது இல்லாமல் விசா கிடையாது. அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் ஏர்போர்ட்டிலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள். அப்புறம் மலேரியா மாத்திரை. ஏறுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்து, இறங்கிய பிறகும் டாக்டர் சொல்லும்வரை விடக்கூடாது. முழுக்கை சட்டை, கொசுவலை.

"தாராவிக்காரிக்கா கொசு பயம்? அந்த ஊர்க் கொசு இங்க வந்தா அதுக்குத்தான் ஊசி போடணும்" என்றாள்.

சிரித்தாளே தவிர ஒன்றையும் விடவில்லை. பக்கத்துக் காலாவில், சின்னப் பட்டறையில், பை தைக்கும் எட்வினிடம் துணி கொடுத்துக் கொசுவலை தைத்தாள். சேலை ரவிக்கைக்கு முழுக்கை வைத்தாள். சந்தில் இருந்த பெண்கள் அவளை சர்ச் அம்மா என்று கேலி செய்தார்கள். நீலத்தில் ஒரு பெட்டி வாங்கி, இரண்டு பருத்திச் சேலையை மடித்து அடியில் வைத்தாள்.

அந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். அதற்கென்று உள்ள சர்க்கார் மையத்தில் நாள் வாங்க வேண்டும். மருந்துக் குப்பியைத் திறந்தால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும் என்பதால் ஆட்களைச் சேர்த்துவைத்துத்தான் கூப்பிடுவார்கள். அண்ணாச்சியின் மேனேஜர் வெங்கடராமன் அக்காவுக்கு ஒரு புதன்கிழமை வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முத்துமாரியின் வயிற்றில் கொப்புளம் கண்டது. மாலைக்குள் முகத்துக்கு ஏறிவிட்டது. அம்மை.

அம்மை வந்த வீட்டுக்கு உள்ள முறைகள் இங்கே எல்லாருக்கும் தெரியும். தாளிப்பு கிடையாது, தலை வாரக்கூடாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் பயணம் கிளம்பக்கூடாது. அந்த வீட்டில் யார் உடம்பிலும் ஊசி ஏறக்கூடாது. ஏறினால் ஆத்தா கோபித்துக்கொண்டு கண்ணில் இறங்கிவிடுவாள்.

ராஜபாண்டி முதல் காரியமாகத் தம்பியை ஐரோலியில் இருக்கும் தங்கை கனகவள்ளி வீட்டுக்கு அனுப்பினார். அவனுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை, ஒட்டிக்கொள்ளும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவன் போன பிறகுதான் வேப்பிலை வாங்கப் போனார். அதை வாசலுக்கு வெளியே கட்டவில்லை. கதவுக்கு உள்பக்கம் கட்டினார். வெளியே தெரிந்தால் இட்லி போகாது. கிரைண்டரை எட்வினின் காலாவுக்கு நகர்த்தியாயிற்று. ராஜபாண்டி அங்கேயே படுத்துக்கொண்டார். மகளுக்கு அம்மை வந்து மூன்று நாளில் அவர் ஹாரன் மாட்டுங்காவில் கேட்டது. மாவு மட்டும் நிற்கவில்லை. எந்த முறையில் அதற்கு இடம் இருக்கிறது என்று நானும் யாரிடமும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போய், நாளைக்கு ஊசி என்று ஞாபகப்படுத்தினேன். இது வேறு காய்ச்சலுக்கான ஊசி, அக்காவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது, உடம்பில் சூடு இல்லை, மையத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள் என்றேன். ராஜபாண்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. ஊரில் ஒரு வீட்டில் அம்மை இருக்கும்போது பெரியவன் நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டான், இளையவளுக்கு இடது கண் போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார். கதை சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் இஷ்டம் என்றார்.

அக்கா வேப்பங்கொத்தால் மகளின் முதுகை வருடிக்கொண்டிருந்தாள். முத்துமாரியின் இமை மேல் இரண்டு கொப்புளம் இருந்தது.

"இவளுக்குக் கண்ணு போச்சுன்னா நான் கம்பாலாவுக்குப் போயி என்னத்தப் பாக்கப் போறேன்?" என்றாள்.

புதன்கிழமை போயிற்று.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அவள் குளித்து, முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். வழி முழுக்கத் திரும்பத் திரும்பக் கணக்கு. அடுத்த வாரம் ஊசி, அதற்குப் பிறகு பத்து நாள், ஹோட்டல் திறப்புக்கு ஒரு வாரம் பிந்தினால் அண்ணாச்சி பொறுத்துக்கொள்வாரா?

அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். எங்களுக்குக் காப்பி சொன்னார். அக்கா பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "ஒன் கொழுந்தன் அந்தப் புதன்கிழமையே ஊசி போட்டுக்கிட்டானேம்மா. வீட்டுல சொல்லலையா?" என்றார்.

ராஜபாண்டி திங்கட்கிழமையே போன் செய்திருக்கிறார். வீட்டில் அம்மை, இவள் வரமாட்டாள், தம்பிக்கு பாஸ்போர்ட் தயாராக இருக்கிறது, மாவு வேலை பழகிவிடுவான் என்று. வெங்கடராமன் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அதே நாள், அதே மையம். நான் அவளுக்குக் காய்ச்சலின் வகைகளை விளக்கிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை, வாசலில் நின்று நாய்க்கடிக் கதை சொன்னவருக்கு இதெல்லாம் தெரியும்.

அண்ணாச்சி நல்ல மனிதர் என்று மாட்டுங்காவில் சொல்வார்கள். அவர் அவளை ஆறுதல்படுத்தினார். "ஆம்பளைன்னா எனக்கும் டென்ஷன் இல்லம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? ஒனக்கு அடுத்து பார்ப்போம்" என்றார். அக்கா காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரை மேஜையில் வைக்காமல், அவளே எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ராஜபாண்டி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"வீட்டுல அம்மை இருக்கயில ஊசி போடக்கூடாதுன்னு சொன்னீயளே."

"ஆமா. போடக்கூடாது."

"தம்பி போட்டுருக்கே."

ராஜபாண்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவன் அம்மை வீட்டுல இல்லையேட்டி. ஐரோலியிலல்லா இருந்தான்" என்றார்.

முறைப்படி அது சரிதான். முறையில் ஓட்டை எங்கே என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தம்பியை வெளியே அனுப்பிவிட்டு, மனைவியை உள்ளே வைத்துக் கதவில் வேப்பிலை கட்டினார். ஆத்தா மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கார்டுக்கு உயிர் வர இன்னும் சில நாள் மிச்சம் இருந்தது. அந்த நாட்களில் அய்யாத்துரை அக்காவின் பக்கத்தில் நின்று மாவு பழகினான். பழக்கச் சொன்னது ராஜபாண்டி. அவள் பழக்கினாள். உளுந்தை எப்போது எடுப்பது, எவ்வளவு தண்ணீர், கரைக்கும்போது கை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் எல்லாம் சொன்னாள். நானாக இருந்தால் உப்பை மாற்றிச் சொல்லியிருப்பேன். அவன் கெட்டவன் இல்லை. மயினி, மயினி என்று பின்னாலேயே வந்தான். கண்ணைப் பார்க்க மட்டும் அவனால் முடியவில்லை.

கிளம்பும் நாளில் நீலப் பெட்டியில் அவன் பேன்ட்டுகள் இருந்தன. கொசுவலையும் போயிற்று. இரண்டு பருத்திச் சேலையும் பரண் கம்பியில் தொங்கின.

ஒரு மாதம் கழித்து அக்கா என்னிடம் வந்து, அந்த ஊசிக்கு மறுபடியும் நாள் வாங்கித் தரச் சொன்னாள். எங்கே போக என்று கேட்டேன். வாங்கிக் குடு பிள்ள என்றாள்.

மையத்தில் இருந்த பெண் டாக்டர் கேள்விகளை ஹிந்தியில் வரிசையாகக் கேட்டார். முட்டை ஒத்துக்கொள்ளுமா, கர்ப்பமா, காய்ச்சல் இருக்கிறதா, எந்த நாடு. எல்லாவற்றுக்கும் அக்கா நேராகப் பதில் சொன்னாள். நாடு உகாண்டா என்றாள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். எழுந்து வரும்போது டாக்டரிடம் அவளாகவே திரும்பிப் போய் என்னவோ கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். என்ன கேட்டாய் என்றேன். சும்மா என்றாள். அன்றிரவு கை வலித்திருக்கிறது. ராஜபாண்டி கேட்டதற்கு, மாவு கரைத்த வலி என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு கம்பாலாவிலிருந்து வீடியோ கால் வர ஆரம்பித்தது. அங்கே குளிர்ச்சி. மாவு பொங்கவில்லை. இட்லி கல்லாக இறங்குகிறது. ஒரு நாள் கால் வந்தபோது நானும் அக்கா வீட்டில் இருந்தேன். போனில் அய்யாத்துரை, அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒரு பையன். அந்தப் பையன் அவனை, "மாஸ்டர், கஸ்டமர்" என்று கூப்பிட்டான்.

அக்கா போனைக் கையில் வாங்கினாள்.

"சொல்லிக்குடுத்தது பூரா ஒம்மகிட்ட இருக்கு தம்பி. கை மட்டும் இங்க இருக்கு. வேணும்னா அண்ணாச்சிகிட்ட டிக்கெட் போடச் சொல்லும்" என்றாள்.

அண்ணாச்சி டிக்கெட் போடவில்லை. பாக்கெட் மாவுப் பொடியை மூட்டையாக அனுப்பினார். தண்ணீர் விட்டுக் கலக்கினால் போதும். கம்பாலாவில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லையாம். ஹோட்டல் நன்றாக ஓடுகிறதாம். இதை ராஜபாண்டி சந்தோஷமாகச் சொன்னார். அக்கா தட்டில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குழியில் மட்டும் மாவு வழிந்தது. துடைத்துவிட்டாள்.

போன வாரம் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது ராஜபாண்டி வியாபாரத்துக்குப் போயிருந்தார். இந்தக் கார்டை வேறு எந்தெந்த நாட்டில் கேட்பார்கள் என்று அக்கா கேட்டாள். கானா, கேமரூன், அங்கோலா, காங்கோ என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அங்கெல்லாம் இட்லி தின்பார்களா என்றாள். தெரியாது என்றேன்.

பரணிலிருந்து முத்துமாரி ஹோம்வொர்க்கை விட்டுத் தலையை நீட்டினாள். இமை மேல் ஒரு சின்னக் குழி மட்டும் மிச்சம்.

"நீ எங்கயும் போக மாட்ட மம்மி. சோட் தோ, விட்டுரு."

அக்கா மேலே பார்க்கவில்லை. ஆவி வரும் பாத்திரத்தை மூடினாள்.

"ஒனக்கு ரெண்டாவது வாட்டி அம்மை வராதாம்ட்டி. அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்."