தலையில் கோத்த கைகள்

ஹம்பேர்க்குக்கு வெளியே, இடிப்பதற்காகக் காலி செய்யப்பட்டிருந்த ஒரு பழைய சிறைச்சாலையில் நான் ஒரு சனிக்கிழமை கைதியாக நடித்தேன். 2000களின் நடுப்பகுதி. நாங்கள்தான் நடிகர்கள். அடிக்க வந்தவர்கள் உண்மையானவர்கள், சிறைத்துறையின் அதிரடிப் பிரிவு. உள்ளே கலவரம் என்றாலோ, யாராவது கத்தியோடு அறைக்கதவை அடைத்துக்கொண்டாலோ இவர்களைத்தான் அழைப்பார்கள். பயிற்சிக்கு ஜெர்மன் அல்லாத மொழிகளில் கத்தக்கூடிய ஆட்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தற்காலிக வேலைக்கு ஆள் கொடுக்கும் ஓர் அலுவலகம் தமிழர், குர்தியர், கானாக்காரர் என்று எங்களைச் சேர்த்து அனுப்பியது.

என்னோடு வந்தவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணை. பல வருடம் உணவகங்களில் பாத்திரம் கழுவியவருக்கு அப்போதுதான் நகர பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. சோதனைக்காலம் முடியவில்லை. அது முடிவதற்குள் நோய் என்று வீட்டில் இருந்தால் காரணம் சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். அவருடைய டிப்போவில் ஒருவருக்கு அப்படி நடந்தும் இருந்தது.

"கையைக் கிய்யை முறிச்சா என்ன செய்வியள்?" என்று போகும்போது எஸ்-பான் ரயிலில் கேட்டேன்.

"தம்பி, நான் ஒறிஜினலைப் பாத்தவன். ஆமிக் காம்பில மூண்டு மாசம் கிடந்தனான். இவங்கள் அதைக் கொப்பி அடிக்கிறாங்கள். பாத்துச் சிரிச்சிட்டு வருவம்."

"சிரிச்சா பல்லுப் போகும் அண்ணை."

"பல்லில்லாமலும் பஸ் ஓடலாம்."

பயிற்சியாளர் ஐம்பது வயதுக்காரர். கையில் கோப்பியோடு மரியாதையாக விளக்கினார். நாங்கள் கதவில் அடிக்க வேண்டும், கத்த வேண்டும், கையில் கிடைப்பதை எறிய வேண்டும், பிடிக்க வந்தால் திமிற வேண்டும். உண்மையாகவே தாங்க முடியாவிட்டால் உள்ளங்கையால் தரையில் மூன்று தரம் தட்ட வேண்டும். வாயால் சொல்லும் எதுவும் கணக்கில் எடுக்கப்படாது. "கைதிகள் எப்படியும் கத்துவார்கள்" என்றார்.

முதலில் இரண்டு குர்தியர்களின் அறை. நாங்கள் மேல்மாடிக் கம்பியருகே நின்று பார்த்தோம். கறுப்பு உடை, தலைக்கவசம், முகத்தை மூடிய துணி. ஐந்து பேர் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டி நின்றார்கள். முன்னால் நின்றவரிடம் ஆளுயரக் கேடயம். கதவு திறந்ததும் கேடயம் முதல் குர்தியரைச் சுவரோடு அறைந்தது. அவர் தலை சுவரில் பட்ட சத்தம் மேலே வரை கேட்டது. இரண்டாமவரின் காலை வாரி விழுத்தி, முதுகில் முழங்காலை வைத்து, கைகளைப் பின்னால் முறுக்கிப் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கினார்கள். வெளியே இழுத்து வந்தபோது அவருடைய மூக்கிலிருந்து இரத்தம் ஓடியது. பட்டியை வெட்டியதும் எழுந்து, தன்னை விழுத்தியவரிடம் சிகரெட் வாங்கிப் பற்றவைத்தார்.

"நல்லாத்தான் செய்யிறாங்கள்" என்றார் அண்ணை. அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

அடுத்தது எங்கள் அறை. இரும்புக் கட்டில், ஒரு கதிரை. நான் கதவில் கதிரையால் அடித்துத் தமிழில் வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். அண்ணையும் கத்தினார். பூட்டுத் திரும்பிய சத்தம் கேட்டதும் அவர் வாய் நின்றுவிட்டது.

கேடயம் என் மார்பில் இடித்தது. உதடு பல்லில் வெட்டுண்டது. தொடையில் தடியால் ஓர் அடி, கால் மரத்தது. தரையில் குப்புறக் கிடந்தேன், கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. அப்போதுதான் அண்ணையைப் பார்த்தேன். அவரை யாரும் விழுத்தவில்லை. தானாகவே குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் வைத்து விரல்களைக் கோத்திருந்தார்.

எங்கள் ஊரில் அதுதான் சரணடைதல். இந்தப் பிரிவின் பயிற்சியில் அப்படியொன்று இல்லை. இங்கே கைகள் முதுகுக்கு வர வேண்டும். வராத கை எதிர்க்கிற கை.

மூன்று பேர் அவர்மேல் விழுந்தார்கள். ஒருவரின் முழங்கால் கழுத்தில். ஒருவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவர்கள் இழுக்க இழுக்க அவர் விரல்களை இறுக்கினார். "கைகளைக் கொடு! எதிர்க்காதே!" என்று ஜெர்மனில் கத்தினார்கள். விலாவில் குத்தினார்கள். தொடையில் தடி விழுந்தது, மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

"அண்ணை, கையை விடுங்கோ! இது பயிற்சி. விடுங்கோ!"

"கதையாதை" என்றார் உதடு அசையாமல். "கதைச்சா உனக்கும் விழும்."

தட்டுவதற்கு என்னிடம் கை இல்லை. சப்பாத்தால் தரையை உதைத்தேன். ஜெர்மனில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நான் கதவு திறப்பதற்கு முன்பிருந்தே கத்திக்கொண்டிருந்தவன். வாசலில் நின்ற பயிற்சியாளர் என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

இழுத்து முடியாமல், கழுத்தில் முழங்காலை வைத்திருந்தவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். வலது கைப் பெருவிரலைப் பின்பக்கமாக மடித்தார். பென்சில் முறிவதுபோலக் கேட்டது. அண்ணை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டது முறித்தவர்தான். விலகி எழுந்து கையை உயர்த்தினார், எல்லாரும் நின்றார்கள்.

அதற்குப் பிறகும் கைகள் பிடரியை விட்டு வரவில்லை. வெளியே நின்ற முதலுதவிக்காரர் வந்து தொட்டபோது இன்னும் இறுகின. பெருவிரல் வேறு திசையில் நின்றது. கையின் விளிம்பு நீலமாகி வீங்கிக்கொண்டு வந்தது. பயிற்சியாளர் மண்டியிட்டு, முடிந்துவிட்டது, தயவுசெய்து கைகளை எடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் வேலை செய்தபோது இராணுவ முகாம்களிலிருந்து வந்தவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். கையைப் பிடித்து இழுப்பார்கள், அசைந்தால் அசைந்ததற்கு அடி. அன்பாகப் பேசுவார்கள், நம்பி எடுத்தால் அதற்கும் அடி. ஒருவரும் தொடாமல், எட்ட நின்று கத்திச் சொல்லும்வரை கை தலையில் இருக்க வேண்டும். இதைப் பயிற்சியாளரிடம் சொன்னேன்.

"காயப்பட்டவரைப் பார்த்துக் கத்தச் சொல்கிறீர்களா?"

"ஓம். எல்லாரும் சுவர்ப் பக்கம் போங்கள். ஒருவர் மட்டும் கத்துங்கள்."

அவர் மறுத்தார். விரலை முறித்தவர் தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், காதுகள் சிவந்திருந்தன. "நான் செய்கிறேன்" என்றார். மற்றவர்கள் சுவரோடு ஒதுங்க, அவர் கதவுவரை போய் நின்றார். முதல் தரம் குரல் உடைந்தது, அண்ணை அசையவில்லை. இளைஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலை அகட்டி, அந்தக் கட்டிடமே அதிரும்படி கத்தினார்:

"கைகளை எடு! எழும்பி உட்கார்!"

விரல்கள் கழன்றன. அண்ணை எழுந்து கட்டிலோடு சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்து கறுப்பு உடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இளைஞர் சுவருக்குத் திரும்பி நின்று மூக்கைத் துடைத்தார்.

"என்ன தம்பி, முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது அண்ணை."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல மடக்கிப் பார்த்தார். இடது கை மடங்கியது. வலது கைப் பெருவிரல் மடங்கவில்லை.

"திங்கள் விடிய முதல் பஸ் நான்தான் ஓடவேணும்" என்றார்.

திங்கட்கிழமை அதை வேறொருவர் ஓட்டினார். அண்ணையின் விரல் பொருந்திய பிறகும் அந்தப் புது ஆளேதான் ஓட்டினார்.